விமானத்தைத் தரைக்கு அழைத்துவரும் ஐஎல்எஸ்: எவ்வளவு நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான நிலையத் தரைக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கல்யாண வீடு, கோயில் அன்னதான வரிசை, பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை என்று எங்கே உட்கார்ந்தாலும், வேலையைச் சொன்னதும் ஒரே மாதிரிச் சந்தேகங்கள்தான் வரும். புகைமூட்டம் வந்தாலோ, எங்காவது விபத்துச் செய்தி வந்தாலோ இன்னும் கூடும். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். எளிதானவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

1. ஐஎல்எஸ், ஐஎல்எஸ்னு சொல்றாங்களே, அது பிளேனுக்குள்ள இருக்கிற மெஷினா, கீழ இருக்கிற மெஷினா?

ஐஎல்எஸ் (இன்ஸ்ட்ருமென்ட் லேண்டிங் சிஸ்டம்) என்பது இறங்கும் விமானத்துக்கு ரேடியோ சிக்னலால் வழிகாட்டும் ஏற்பாடு. அது இரண்டு இடத்திலும் இருக்கிறது. சிக்னலை அனுப்புவது தரையில். அதை வாங்கி ஊசியாகக் காட்டும் ரிசீவர் விமானத்தில். விமானம் இதற்காக எதையும் திருப்பி அனுப்புவதில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் வரும்.

தரையில் முக்கியமாக இரண்டு கருவிகள். ஒன்று லோக்கலைசர். ஓடுபாதையின் மறுமுனையைத் தாண்டி, பெரும்பாலும் 300 மீட்டர் அளவில், குறுக்கே வரிசையாக நிற்கும் ஆண்டெனாக்கள். விமானம் இடம் வலம் விலகாமல் ஓடுபாதையின் நடுக்கோட்டுக்கு நேராக வர இது உதவும். மற்றது கிளைட் ஸ்லோப். சக்கரம் தொடும் இடத்துக்குப் பக்கவாட்டில் தனியாக நிற்கும் கம்பம். இறங்கும் சரிவைக் காட்டுவது இது. அந்தச் சரிவு வழக்கமாக 3 டிகிரி. ஒரு நாட்டிகல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர், முன்னேறினால் சுமார் 318 அடி இறங்க வேண்டும். இந்த 318-ஐ நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

2. ரேடியோ சிக்னல் எப்படிண்ணே ஆகாயத்துல கோடு போடும்?

லோக்கலைசர் ஒரே அலையின் மேல் 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்று இரண்டு தொனிகளை ஏற்றி அனுப்புகிறது. இறங்க வரும் விமானத்துக்கு இடப்பக்கம் 90 ஓங்கியிருக்கும், வலப்பக்கம் 150 ஓங்கியிருக்கும். இரண்டும் சமமாக இருக்கும் இடம்தான் நடுக்கோடு. தைப்பூசத்தன்று பத்துமலையில் ஒரு பக்கம் உறுமி, மறு பக்கம் தவில் முழங்க நடுவில் கண்ணை மூடி நின்றாலும், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்று காது சொல்லிவிடும் அல்லவா, அதே கணக்கு.

கிளைட் ஸ்லோப்பும் இதே முறைதான். பாதைக்கு மேலே 90, கீழே 150. ரிசீவர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து ஊசியை நகர்த்துகிறது. வித்தியாசம் பூஜ்யம் என்றால் ஊசி நடுவில் நிற்கும். இது அழகான ஏற்பாடு, ஆனால் இதற்குள்ளேயே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. அதை 12-ஆம் கேள்வியில் பார்ப்போம்.

3. அப்ப பைலட்டுக்கு வேலையே இல்லையா? பிளேனே இறங்கிக்குமா?

பெரும்பாலான தரையிறக்கங்களில் கடைசிக் கட்டத்தை விமானிதான் கையால் செய்கிறார். ஐஎல்எஸ் அவரை ஓர் உயரம் வரை கொண்டுவந்து விடும். அந்த உயரத்தில் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரிந்தால் இறங்கலாம், தெரியாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். கேட்-1 (கேட்டகிரி 1) என்ற வகையில் அந்த முடிவு உயரம் 200 அடி, ஓடுபாதையில் குறைந்தது 550 மீட்டர் பார்வைத் தூரம் வேண்டும். கேட்-2-இல் 100 அடி, 300 மீட்டர். கேட்-3 இன்னும் கீழே போகும். அங்கே தானியங்கியே சக்கரத்தைத் தரையில் வைக்கும்.

தானாக இறங்குவது புதிய சங்கதி இல்லை. பயணிகளோடு வந்த பிஇஏ நிறுவனத்தின் டிரைடன்ட் விமானத்தைக் கடைசித் தூக்கல் வரை தானியங்கியே இறக்கியது 1965 ஜூன் 10-இல், லண்டன் ஹீத்ரோவில். ஆனால் அதற்குத் தரைக் கருவி, விமானம், விமானியின் பயிற்சி, ஓடுபாதை விளக்கு எல்லாமே அந்தத் தரத்துக்கு இருக்க வேண்டும். ஐரோப்பாவைப் போல நாள்கணக்கில் மூடுபனி மூடும் நாடு இல்லை நம்முடையது. அன்றாட வானிலைக்குக் கேட்-1 போதும்.

4. மழை கொட்டுனா வீட்டுல ஆஸ்ட்ரோ படம் நின்னு போகுது. இதுவும் அப்படி நின்னுடாதா அங்கிள்?

நிற்காது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் கேட்பவர் சரியான இடத்தில்தான் சந்தேகப்படுகிறார். ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவியின் தட்டு வாங்கும் அலை 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம், அதன் நீளம் இரண்டரை சென்டிமீட்டர். மழைத்துளிகள் அதை நன்றாகவே விழுங்கும். லோக்கலைசர் வேலை செய்வது 108 முதல் 112 மெகாஹெர்ட்ஸ் வரை, அலையின் நீளம் சுமார் 2.7 மீட்டர். கிளைட் ஸ்லோப் 329 முதல் 335 மெகாஹெர்ட்ஸ், நீளம் 90 சென்டிமீட்டர். இவ்வளவு நீண்ட அலைகளுக்கு மழைத்துளி ஒரு பொருட்டே இல்லை.

மழையின் தொல்லை வேறு வழியில் வரும். கிளைட் ஸ்லோப் தன் முன்னால் இருக்கும் தரையில் பட்டுத் திரும்பும் அலையையும் சேர்த்துத்தான் பாதையை உருவாக்குகிறது. அந்த நிலத்தில் தண்ணீர் தேங்கினாலும், புல் ஆளுயரம் வளர்ந்தாலும், மண் சரிந்து மட்டம் மாறினாலும் பாதை கொஞ்சம் அசையும். ஆண்டெனாவுக்கு முன்னால் இருக்கும் புல்லை வெட்டுவது அழகுக்காக இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோட்ட வேலையாகத் தெரியும், எங்களுக்கு அது கருவியின் ஒரு பாகம்.

5. புகைமூட்டம் வந்தா மட்டும் ஏன் ஃபிளைட்டைத் தள்ளிப் போடுறாங்க? சிக்னல் புகையைத் தாண்டாதா?

சிக்னல் தாராளமாகத் தாண்டும். 1997, 2015, 2019 புகைமூட்டங்களில் எதிர் வீடே தெரியாத காலையிலும் ரேடியோ அலைக்கு ஒன்றும் ஆகவில்லை. தடை கண்ணுக்குத்தான். 3-ஆம் பதிலில் சொன்ன முடிவு உயரத்தில் விமானி ஓடுபாதையைப் பார்த்தாக வேண்டும். பார்வைத் தூரம் அந்த வகைக்குரிய அளவுக்குக் கீழே போய்விட்டால் அணுகலின் கடைசிக் கட்டத்துக்குள் நுழையவே கூடாது.

ஐஎல்எஸ் இல்லாத சின்ன ஓடுபாதைகளில் இந்த அளவு இன்னும் கடுமையாக இருக்கும். அதனால்தான் ஒரே புகையில் ஓர் ஊரில் இறங்குகிறார்கள், இன்னோர் ஊரில் திரும்பிப் போகிறார்கள்.

6. சிக்னல் தப்பாப் போனா யாருக்குத் தெரியும்? மேல இருக்கிற பைலட்டுக்கு எப்படித் தெரியும்?

முதலில் தெரிவது தரையில் இருக்கும் இன்னொரு கருவிக்கு. அதற்கு மானிட்டர் என்று பெயர். ஆண்டெனாவிலிருந்து வெளியே போகும் சிக்னலை நொடி தவறாமல் அளந்துகொண்டே இருப்பதுதான் அதன் ஒரே வேலை. நடுக்கோடு அனுமதித்த அளவுக்கு மேல் நகர்ந்தால், தொனிகளின் அளவு மாறினால், சக்தி குறைந்தால், அது காத்திருக்கும் இரண்டாவது டிரான்ஸ்மிட்டருக்கு மாற்றும். அதுவும் சரியில்லை என்றால் மொத்தத்தையும் அணைத்துவிடும். மனிதர் யாரிடமும் அனுமதி கேட்காது.

எவ்வளவு சீக்கிரம்? அனைத்துலக விதிப்படி லோக்கலைசர் தவறான சிக்னலை கேட்-1-இல் 10 வினாடிக்கு மேல் அனுப்பக் கூடாது, கேட்-2-இல் 5 வினாடி, கேட்-3-இல் 2 வினாடி. கிளைட் ஸ்லோப்புக்கு கேட்-1-இல் 6 வினாடி, மற்ற இரண்டிலும் 2 வினாடி. அணைந்ததும் விமானியின் திரையில் ஊசி மறையும் அல்லது எச்சரிக்கைக் கொடி விழும். அணுகுவதற்கு முன் அந்தக் கருவியின் அடையாள எழுத்துகள் மோர்ஸ் ஒலியில் சரியாக வருகின்றனவா என்றும் பார்ப்பார்கள். பராமரிப்பு நடக்கும்போது அந்த அடையாளத்தை நாங்கள் எடுத்துவிடுவோம். அடையாளம் இல்லாத சிக்னலை நம்பக் கூடாது என்பது விமானிக்குப் பால பாடம்.

இந்த ஏற்பாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கெட்டுப் போகாத கருவியை யாராலும் செய்ய முடியாது. கெட்டுப் போனால் பொய் சொல்லாமல் வாயை மூடிக்கொள்ளும் கருவியைச் செய்யலாம். ஐஎல்எஸ் அப்படிச் செய்யப்பட்டது.

7. சும்மா சுத்தி வளைக்காம, எவ்ளோ நம்பலாம்னு ஒரு நம்பர் சொல்லுங்க.

இரண்டு எண்கள் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு வகை நம்பிக்கை இருக்கிறது. ஒன்று, பொய் சொல்லாமல் இருப்பது. கேட்-2, கேட்-3 தரைக் கருவி கண்டுபிடிக்கப்படாத தவறான வழிகாட்டலை ஒரு தரையிறக்கத்தில் கொடுக்கும் வாய்ப்பு 200 கோடியில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்பது அனைத்துலகத் தரம். அதற்குக் கீழ்ப்படியில் இருக்கும் கருவிக்கு ஒரு கோடியில் ஒன்று.

மற்றது, பாதி வழியில் நின்றுவிடாமல் இருப்பது. உயர்தர லோக்கலைசர் எந்த 15 வினாடியை எடுத்துக்கொண்டாலும் திடீரென அணையும் வாய்ப்பு 5 லட்சத்தில் ஒன்றுக்குள் இருக்க வேண்டும். பாருங்கள், அணைந்து போவதை எவ்வளவோ தாராளமாக அனுமதிக்கிறார்கள், பொய் சொல்வதைக் கிட்டத்தட்ட அனுமதிப்பதே இல்லை. இவை கருவிகள் எட்ட வேண்டிய அளவுகோல்கள். விதிப்படி பராமரித்தால்தான் எட்டும். பராமரிப்பைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பது 12-ஆம் கேள்வியில் வருகிறது.

8. 2019-ல கேஎல்ஐஏ சிஸ்டமே படுத்துருச்சே. அப்ப இதுவும் படுத்துருக்குமே?

அது வேறு, இது வேறு. 2019 ஆகஸ்ட் 21-இல் தொடங்கிச் சில நாள் நீடித்த அந்தக் கோளாறு கேஎல்ஐஏ என்னும் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையக் கட்டடத்தின் கணினி வலையமைப்பில் வந்தது. பயணிகள் பதிவு, தகவல் திரை, பயணப்பெட்டி எல்லாம் திண்டாடின. 2025 மார்ச்சில் நடந்த சைபர் தாக்குதலும் விமான நிலையத்தின் கணினி அமைப்பைக் குறிவைத்ததுதான்.

ஐஎல்எஸ் டிரான்ஸ்மிட்டர்கள் ஓடுபாதை ஓரத்தில் தனித்தனிச் சிறு அறைகளில் இருக்கின்றன. சிக்னலை உருவாக்க அவற்றுக்குப் பயணிகள் பட்டியலும் வேண்டாம், வைஃபையும் வேண்டாம்.

9. மின்னல் அடிச்சா? கரண்ட் போனா?

கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடிமின்னல் மிக அதிகமான இடங்களில் ஒன்று. ஆகவே கவலை நியாயமானதுதான். மின்சாரம் போனால் பேட்டரியும் ஜெனரேட்டரும் தாங்கும். மின்னலுக்கு நிலத்தொடுப்பும் பாதுகாப்புக் கருவிகளும் உண்டு. அதையும் மீறி அடித்தால் மானிட்டர் அணைத்துவிடும், 6-ஆம் பதில்.

10. ஒரு சின்ன பிளேன் ரன்வே மேலயே தாழ வந்துட்டு, இறங்காம திரும்பத் திரும்பச் சுத்துச்சு. பழகுறாங்களா?

கேஎல்ஐஏ பக்கம் டெங்கிலிலிருந்தும் பினாங்கு விமான நிலையப் பக்கம் தெலுக் கும்பாரிலிருந்தும் கேட்பார்கள். பெரும்பாலும் அது அளவுத்திருத்தப் பறத்தல். மானிட்டர் தரையிலிருந்துதான் அளக்கிறது, சிக்னல் உண்மையில் தேவைப்படுவதோ ஆகாயத்தில். அதனால் குறிப்பிட்ட கால இடைவெளியில், பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கருவிகள் பொருத்திய விமானம் ஒன்று பறந்து பாதையை நேரடியாக அளக்கும். மலேசியப் பொது வான் போக்குவரத்து ஆணையத்துக்கு இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது.

எவ்வளவு துல்லியம் பார்ப்பார்கள் தெரியுமா? ஓடுபாதை முனையில் லோக்கலைசர் நடுக்கோடு கேட்-1-இல் 10.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும், கேட்-3-இல் 3 மீட்டருக்குள். அந்த விமானம் வேண்டுமென்றே பாதைக்கு மேலே, கீழே, இடம், வலம் என்று போய் ஓரங்களையும் அளக்கும். கீழே எங்கள் ஆட்கள் ரேடியோவில் பேசிக்கொண்டே அளவைத் திருகிச் சரிசெய்வார்கள். வெயிலில் நின்று செய்யும் இந்த வேலையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

11. பாயான் லெப்பாஸ்ல இவ்ளோ உசரமாக் காண்டோ கட்டுறாங்களே, சிக்னல் முட்டாதா? முன்னால போற பிளேனே மறைக்காதா?

இரண்டும் சரியான சந்தேகம். பெரிய கட்டடமோ கிரேனோ பெரிய தகரக் கூரையோ சிக்னலைத் திருப்பி அனுப்பினால் நேராக வரும் அலையோடு அது கலந்து பாதையில் வளைவு உண்டாகும். அதனால்தான் விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, கிரேன் நிறுத்தக்கூட அனுமதி வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஓடுபாதையின் இரண்டு முனைக்கும் ஐஎல்எஸ் இருந்தே தீர வேண்டும் என்றில்லை. பாயான் லெப்பாஸில் இருக்கும் பினாங்கு விமான நிலையத்தில் தென்மேற்கே கடல் பக்கமிருந்து 04-ஆம் ஓடுபாதைக்கு வரும் விமானங்களுக்கு அது உண்டு.

விமானம் மறைப்பது உண்மையிலேயே நடந்திருக்கிறது. 2011 நவம்பர் 3-இல் மான்செஸ்டரிலிருந்து மியூனிக் வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போயிங் 777 தானியங்கியில் இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் புறப்பட்ட சிறிய ஜெட் விமானம் ஒன்று லோக்கலைசர் ஆண்டெனாவைக் கடந்தபோது சிக்னல் கலங்கியது. தானியங்கி அந்தக் கலங்கிய சிக்னலை நம்பிப் பின்தொடர, விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்வெளியில் போய் நின்றது. நல்லவேளையாக உயிருக்கு ஆபத்தில்லை.

கருவியில் அன்று பழுது எதுவும் இல்லை. ஆண்டெனாவைச் சுற்றி யாரும் வரக் கூடாத ஒரு பாதுகாப்புப் பரப்பு உண்டு. மூடுபனி நேரத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் அதைக் கண்டிப்பாகக் காக்கும், விமானங்களுக்கு இடையே இடைவெளியைக் கூட்டும். அன்று அந்த ஏற்பாடு நடப்பில் இல்லை, தானியங்கியில் இறங்குவதைக் கோபுரத்துக்கும் சொல்லவில்லை. வானிலை நன்றாக இருக்கும் நாளில் தானியங்கி இறக்கத்தைப் பயிற்சி பார்க்கும்போதுதான் விமானி கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டும் என்பது இதனால்.

12. ஊசி நடுவுல நின்னா பாதை சரின்னுதானே அர்த்தம்?

எப்போதும் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருப்பவர்கள் இந்தப் பதிலைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2-ஆம் பதிலை நினைத்துப் பாருங்கள். ஊசி காட்டுவது இரண்டு தொனிகளின் வித்தியாசத்தை. 2000 ஜூலையில் சமோவாவின் அப்பியாவில் கிளைட் ஸ்லோப் கருவி மானிட்டரின் காவல் இல்லாத நிலையில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே கீழே என்று பிரித்துக் காட்டும் பகுதி சிக்னல் வெளியே போகவே இல்லை. ஆகவே எங்கே இருந்தாலும் வித்தியாசம் பூஜ்யம். இரவில் இறங்கிய ஏர் நியூசிலாந்து போயிங் 767-இன் ஊசி கடைசி வரை நடுவிலேயே நின்றது, எந்தக் கொடியும் விழவில்லை. தூரமும் உயரமும் விளக்குகளும் ஒத்துவரவில்லை என்று உணர்ந்து விமானி மேலே தூக்கியபோது விமானம் 400 அடிக்கும் கீழே, ஓடுபாதை இன்னும் ஐந்து நாட்டிகல் மைலுக்கு மேல் தள்ளி. எல்லோரும் பிழைத்தார்கள்.

இரண்டாவது வகை, கருவி நன்றாக இருந்தும் வரும் பொய்ப் பாதை. கிளைட் ஸ்லோப் தரையில் பட்டுத் திரும்பும் அலையால் உருவாவதால் 3 டிகிரி உண்மைப் பாதைக்கு மேலே, 9 டிகிரி போன்ற கோணங்களில், பொய்ப் பாதைகளும் இயல்பாகவே உண்டாகும். 2017 ஜனவரி 16-இல் ஹாங்காங்கிலிருந்து பிஷ்கெக் வந்த சரக்கு போயிங் 747 மிக உயரத்தில் வந்து 9 டிகிரிப் பொய்ப் பாதையைப் பிடித்துக்கொண்டது. மூடுபனியில் ஓடுபாதையைத் தாண்டிப் போய்க் குடியிருப்பின் மேல் விழுந்தது. விமானத்தில் 4 பேர், தரையில் 35 பேர் இறந்தார்கள். பொய்ப் பாதை எப்போதும் உண்மைப் பாதைக்கு மேலேதான் இருக்கும். ஆகவே கீழிருந்து வந்து பிடித்தால் முதலில் கிடைப்பது உண்மைப் பாதை.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. அந்த 318 அடிக் கணக்கு. ஓடுபாதை முனையிலிருந்து 4 நாட்டிகல் மைலில் இருந்தால் அதைவிடச் சுமார் 1,300 அடி உயரத்தில் இருக்க வேண்டும், 10 மைலில் சுமார் 3,200 அடி. தூரம் காட்டும் கருவியும் உயரம் காட்டும் கருவியும் ஐஎல்எஸ்ஸைச் சாராமல் தனியாக இயங்குபவை. அணுகும் வரைபடத்தில் இந்த உயரங்கள் அச்சிடப்பட்டிருக்கும், இரண்டு விமானிகளும் அதை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பார்கள்.

13. கெட்டுப் போய் ரிப்பேர்ல இருந்தா அன்னைக்கு எப்படி இறங்குவாங்க?

வேறு முறைகள் இருக்கின்றன. லோக்கலைசர் மட்டும் வைத்து, செயற்கைக்கோள் வழிகாட்டலை வைத்து, அல்லது பழைய ரேடியோ கலங்கரைகளை வைத்து இறங்கலாம். கருவி பழுதென்றால் விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பு போகும். பார்வைத் தூர அளவும் கடுமையாகும்.

ஆனால் சரிவைக் காட்டும் ஊசி இல்லாதபோது சுமை முழுவதும் மனிதர் மேல் விழுகிறது. பூச்சோங் பக்கம் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 1989 பிப்ரவரி 19 அதிகாலை, ஃபிளையிங் டைகர் சரக்கு போயிங் 747 சிங்கப்பூரிலிருந்து அன்றைய கோலாலம்பூர் விமான நிலையமான சுபாங் வந்தது. ரேடியோ கலங்கரையை மட்டும் வைத்து இறங்கும் முறை. 2,400 அடிக்கு இறங்கச் சொன்னதை விமானிகள் 400 அடி என்று எடுத்துக்கொண்டார்கள். தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை ஒலித்தும் தொடர்ந்தார்கள். மலையில் மோதி நால்வரும் இறந்தார்கள். 1997 ஆகஸ்ட் 6-இல் குவாமில் 228 உயிர்களைக் கொண்டுபோன கொரியன் ஏர் 801 விபத்திலும் கிளைட் ஸ்லோப் அன்று சேவையில் இல்லை. இல்லை என்று அறிவிக்கப்பட்டிருந்தும், விமானி அறையில் அது வேலை செய்கிறதோ என்ற குழப்பம் எழுந்தது. இருக்கிறதா இல்லையா என்ற அரைகுறை நிலை, முழுக்க இல்லாததைவிட மோசமானது.

14. ஐஎல்எஸ் நல்லா வேலை செஞ்சும் விபத்து நடந்திருக்கா?

நடந்திருக்கிறது, அதுவும் நம் ஊரிலேயே. 1983 டிசம்பர் 18-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த மலேசிய ஏர்லைன் சிஸ்டத்தின் ஏர்பஸ் ஏ300 மழையில் சுபாங்கின் 15-ஆம் ஓடுபாதைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் மரங்களில் மோதி விழுந்தது. ஓடுபாதை கண்ணில் படாமலே முடிவு உயரத்துக்குக் கீழே இறங்கியதுதான் காரணம். விமானம் எரிந்து போனது, உள்ளே இருந்த 247 பேரும் உயிர் தப்பினார்கள்.

2009 பிப்ரவரி 25-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது இன்னொரு வகை. ஐஎல்எஸ் பாதை சரி. விமானத்தின் ரேடியோ உயரமானி ஒன்று கெட்டு, தரையில் இருப்பதாகக் காட்ட, தானியங்கி இன்ஜின் விசையைக் குறைத்துவிட்டது. வேகம் விழுந்ததை விமானிகள் கவனிக்கும்போது நேரம் கடந்துவிட்டது. துருக்கிய ஏர்லைன்ஸின் அந்த போயிங் 737-இல் 9 பேர் இறந்தார்கள். நம்பகத்தன்மையைக் கணக்குப் போடும்போது தரைக் கருவியை மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான்.

15. நான் போனை ஏரோபிளேன் மோடுல போடலைன்னா உண்மையிலேயே ஏதாச்சும் ஆகுமா? மின்னல் எஃப்எம் பக்கத்து அலைவரிசைதானே, அது கெடுக்காதா?

ஒரு போனால் ஐஎல்எஸ் கவிழ்ந்துவிடாது. ஆனால் முந்நூறு போன்கள் ஒன்றாகக் கோபுரத்தைத் தேடி அலறினால் விமானியின் காதில் இரைச்சல் கேட்கும். முக்கியமான கட்டத்தில் அவருக்கு அது தேவையா? அணைத்துவிடுங்கள். 5ஜி பற்றிய கவலை 2022-இல் அமெரிக்காவில் எழுந்தது. அது ரேடியோ உயரமானி பயன்படுத்தும் 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸுக்கு நெருக்கமான அலைவரிசை பற்றியது. இங்கே 5ஜி 3.5 கிகாஹெர்ட்ஸில், இன்னும் தள்ளி இருக்கிறது.

பண்பலை வானொலி பற்றிய கேள்வி அதைவிடக் கூர்மையானது. பண்பலை 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது, லோக்கலைசர் 108.1-இல் தொடங்குகிறது. சக்திவாய்ந்த வானொலிக் கோபுரங்கள் ரிசீவரைக் குழப்பக்கூடும் என்பதால் 1998 முதல் விமான ரிசீவர்கள் அந்தத் தொந்தரவைத் தாங்கும் தரத்தில் இருக்க வேண்டும் என்று அனைத்துலக விதி வந்துவிட்டது.

16. இறங்கப் போய்க் கடைசி நேரத்துல திடீர்னு மேல தூக்கிட்டாங்க. அம்மா அழுதே போட்டாங்க. ஏதோ பெரிய கோளாறுதானே?

அம்மாவிடம் சொல்லுங்கள், அன்று விமானி தன் வேலையைச் சரியாகச் செய்தார். முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகாமல் இருந்திருக்கலாம், காற்று திடீரென மாறியிருக்கலாம், மழையில் விளக்கு தெரியாமல் இருந்திருக்கலாம், சிக்னல் கொடி விழுந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் விடை ஒன்றே: விசையைக் கூட்டு, மேலே ஏறு, சுற்றி வா. இதற்கான எரிபொருளும் பாதையும் முன்பே கணக்கில் இருக்கும். 12, 14-ஆம் பதில்களில் பிழைத்தவர்களையும் பிழைக்காதவர்களையும் பிரித்தது பல நேரம் இந்த ஒரு முடிவுதான்.

17. கைப்பேசியிலயே ஜிபிஎஸ் இருக்கு. இன்னும் ஏன் தாத்தா காலத்துச் சாமான்?

பழையதுதான். ஐஎல்எஸ் உதவியோடு அட்டவணைப் பயணிகள் விமானம் முதன்முதலில் இறங்கியது 1938 ஜனவரி 26-இல், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், பனிப்புயலில். 1978-இல் மைக்ரோவேவ் முறையொன்றை வாரிசாகத் தேர்ந்தெடுத்தார்கள். அது பரவவே இல்லை. ஐஎல்எஸ் நின்றது.

செயற்கைக்கோள் வழிகாட்டலை நானும் வரவேற்கிறேன். மலை சூழ்ந்த ஊர்களுக்கு வளைந்து வரும் பாதை தர அதனால்தான் முடியும். ஆனால் ஜிபிஎஸ் சிக்னல் 20,000 கிலோமீட்டர் தாண்டி, மிக மெலிந்து வந்து சேர்கிறது. போர் நடக்கும் பகுதிகளில் அதை அடைப்பதும் ஏமாற்றுவதும் இன்று அன்றாடச் செய்தி. ஐஎல்எஸ் சிக்னல் ஓடுபாதை ஓரத்திலிருந்தே வலுவாக வருகிறது, ஜிபிஎஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றே. இரண்டும் இருக்கட்டும். ஒன்று மற்றதைச் சரிபார்க்கட்டும்.

18. அப்ப ஐஎல்எஸ்ஸை யாராச்சும் போலியா அனுப்பி ஏமாத்த முடியாதா?

கொள்கையளவில் முடியும். இந்தச் சிக்னலில் பூட்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை. 1930-களில் அப்படி ஒரு தேவையை யாரும் நினைக்கவில்லை. 2019-இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விலை குறைந்த ரேடியோக் கருவிகளை வைத்து, பாவனைக் கருவியில், போலிச் சிக்னலால் விமானத்தை ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் இறங்க வைக்கலாம் என்று காட்டினார்கள். விமான நிலைய மானிட்டர் தன் ஆண்டெனாவின் சிக்னலைத்தான் காவல் காக்கிறது, வெளியிலிருந்து வருவதை அது பெரும்பாலும் அறியாது. ஆகவே 7-ஆம் பதிலில் சொன்ன 200 கோடிக் கணக்கு இதற்குப் பொருந்தாது.

நிஜத்தில் ஏமாற்றுபவர் நகரும் விமானத்துக்கு ஏற்பச் சிக்னலைத் தொடர்ந்து மாற்ற வேண்டும், உண்மைச் சிக்னலை மிஞ்ச வேண்டும், அதோடு விமானத்தில் இருக்கும் மற்ற எல்லாவற்றோடும் ஒத்துப்போக வேண்டும்: தூரக் கருவி, உயரமானி, தரை எச்சரிக்கை, செயற்கைக்கோள் வரைபடம், கோபுரத்தின் ரேடார். நல்ல வானிலையில் ஓடுபாதை ஓரத்துச் சரிவு விளக்குகள் வேறு இருக்கின்றன. சரியான பாதையில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. மிகத் தாழ்ந்துவிட்டால் நான்கும் சிவப்பு. லுக்குட் பக்கமிருந்து கேஎல்ஐஏவுக்கு வந்தாலும், கடல் மேலாகப் பினாங்குக்கு வந்தாலும், இவற்றில் ஏதாவது ஒன்று ஊசியோடு முரண்பட்டால் விமானி செய்ய வேண்டியது 16-ஆம் பதிலில் இருக்கிறது.